பால் நிறச் சீரமும் மூன்று பொன்னாடைகளும்

1. ட்யூபில் பால்

சென்ட்ரிஃப்யூஜ் சுற்றி நின்றது. மூடியைத் திறந்து ட்யூபை வெளியே எடுத்தேன். கீழே ரத்தம் உறைந்து கிடந்தது. மேலே நிற்கிற சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். இது கெட்டிப் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. ட்யூபுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்தேன், விரல் தெரியவில்லை.

நான் ஸ்டெல்லா. தாம்பரத்திலும் அப்புறம் சிட்லபாக்கத்திலுமாக லேப் டெக்னீஷியன் வேலை பார்த்தே தலை நரைத்தவள். கலங்கிய சீரம் எனக்குப் புதிதல்ல. முந்தின ராத்திரி கல்யாண வீட்டில் பிரியாணியை வெளுத்துக் கட்டிவிட்டு, காலையில் "வெறும் வயிறுதான் சிஸ்டர்" என்று கையை நீட்டுகிறவர்களுக்கு இந்தப் பக்கம் பஞ்சமே கிடையாது. அவர்கள் சீரம் லேசாகப் புகை படிந்த மாதிரி இருக்கும். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், மனதுக்குள் திட்டிக்கொண்டு மெஷினில் வைப்பேன். இது அந்த வகை இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு வெள்ளையை நான் இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன்.

அப்படியே மெஷினில் வைத்ததும் எரர் அடித்தது. இவ்வளவு கொழுப்பு மிதக்கிற சீரத்தில் மெஷினின் வெளிச்சம் ஊடுருவாது. டைல்யூட் செய்து திரும்ப ஓட்டினேன். நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டிய ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு இரண்டாயிரத்தைத் தாண்டி நின்றது. கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். அளவு வரவே இல்லை. ட்ரைகிளிசரைடு அவ்வளவு ஏறினால் அதைக் கணக்குப் போட்டு எடுக்க முடியாது. ஃபாஸ்டிங் சுகர் முந்நூறுக்கு மேல்.

ட்யூப் மேல் ஒட்டியிருந்த பெயரை மறுபடி பார்த்தேன். குணசீலன். எங்கள் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் 'உடம்பை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்' என்று எல்லாரும் சொல்கிற மனிதர். உடம்பை இளைக்க வைத்ததற்காக அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு மூன்றாவது பொன்னாடை போர்த்தியிருந்தார்கள்.

2. ஏரிக்கரை எடை மெஷின்

பொன்னாடை என்றதும் நீங்கள் அரசியல் கூட்டம் என்று நினைத்துக்கொள்வீர்கள். விஷயம் அதில்லை. ஏரிக்கரையில் விடியற்காலையில் நடக்கிறவர்கள் ஒன்று சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ரிட்டயர் ஆனவர்கள், ஆபீஸ் ரயிலைப் பிடிப்பதற்குள் இரண்டு சுற்று நடந்துவிட வேண்டும் என்று ஓடி வருகிறவர்கள், மருமகளிடமிருந்து ஒரு மணி நேரம் தப்பித்து வருகிற மாமியார்கள் எல்லாரும் அதில் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை செல்வியின் ஜூஸ் வண்டிப் பக்கத்தில் ஒரு எடை மெஷினைப் போடுவார்கள். ஒவ்வொருவராக ஏறி நிற்க வேண்டும். செயலாளர் கஜேந்திரன் எடையை ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தமாகப் படிப்பார். அந்த மாதம் யார் அதிகமாக இளைத்தார்களோ அவர்களுக்குப் பொன்னாடை. தாம்பரம் மார்க்கெட்டில் கிடைக்கிற, கழுத்தில் குத்துகிற ஜரிகைத் துணிதான் அது. ஆனாலும் அதற்கு அடிதடியே நடக்கும்.

எங்கள் லேப் முதலாளி கெட்டிக்காரர். அதே ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் ஒரு மேஜை போட்டு, சுகர் பார்க்க என்னை உட்கார வைத்துவிட்டார். அதனால் இந்தக் கூத்து முழுவதையும் முதல் வரிசையில் இருந்து பார்த்தவள் நான்.

குணசீலன் சார் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கழுத்தில் விசில் தொங்கும். வேலையை விட்டாலும் விசிலை விடவில்லை. சுகர் அவருக்குப் பல வருஷமாக உண்டு, இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். முதல் தடவை எடை மெஷினில் ஏறியபோது அவருக்கு நல்ல தொப்பை. கஜேந்திரன் எடையைப் படித்துவிட்டு, பசங்களை வெயிலில் ஓடவிட்டு மாஸ்டர் நிழலில் உட்கார்ந்திருந்தாரோ என்று ஒரு போடு போட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். ஆனால் அவர் காது சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டார். சோற்றைக் குறைத்தார். இரண்டு சுற்று நடந்தவர் நான்கு சுற்று நடந்தார். முதலில் குறைந்த எடை அவர் உழைத்துக் குறைத்தது, அதில் சந்தேகமே இல்லை. முதல் பொன்னாடை நியாயமான பொன்னாடை. ஆனால் அதற்கப்புறம் எடை தானாகவே இறங்க ஆரம்பித்தது. சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டினாலும் இறங்கியது. நடக்காத வாரமும் இறங்கியது. அவர் அதை போனஸ் என்று எடுத்துக்கொண்டார். பெல்ட்டில் ஆணியால் புதுசாக ஓட்டை போட்டு எல்லாருக்கும் காட்டினார். செல்வி தன் வண்டியில் வைத்து விற்கிற அருகம்புல் ஜூஸுக்கும் கேழ்வரகுக் கூழுக்கும் அவரையே விளம்பரமாக்கிவிட்டாள். புதிதாக வருகிறவர்களிடம் எல்லாம், "இன்னா சார் பாக்குற? அந்த மாஸ்டர் எப்டி கீறாரு பாரு. எல்லாம் நம்ம கூழுதான்" என்பாள்.

இரண்டாவது பொன்னாடை வாங்கிய அன்று என் மேஜைப் பக்கம் வந்தவரை, சுகர் பார்த்துவிடலாம் சார் என்று கூப்பிட்டேன். வேண்டாம் என்றார்.

"சுகரைத் துரத்திட்டேன் சிஸ்டர். ரெண்டு மாத்திரைல ஒண்ணை நானே நிறுத்தியாச்சு."

"சார், நான் சிஸ்டர் இல்ல, டெக்னீஷியன். டாக்டரைக் கேட்டா நிறுத்துனீங்க?"

"உடம்பே சொல்லுதே சிஸ்டர், டாக்டர் எதுக்கு?"

அவர் மனைவி வசந்தாக்கா கீரை வாங்குகிற இடத்தில் என்னிடம் வேறு கதை சொன்னார். ராத்திரி நான்கைந்து தடவை பாத்ரூமுக்கு எழுந்து போகிறாராம். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறாராம். தொடைச் சதையெல்லாம் கரைந்து, சட்டைக்குள் தோள் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறதாம். "எல்லாரும் சூப்பரா இளைச்சிட்டாருன்னு சொல்றாங்க ஸ்டெல்லா. எனக்கு மட்டும்தான் பார்க்க பயமா இருக்கு" என்றார். அவர் நச்சரித்த பிறகுதான் மாஸ்டர் லேபுக்கு வந்து கையை நீட்டினார். அந்த ரத்தம்தான் பாலாக நின்றது.

3. "கரைஞ்சு வெளிய வருது"

லேபில் ஒரு சட்டம் உண்டு. ரிப்போர்ட்டைக் கொடுக்கலாம், வாயைக் கொடுக்கக் கூடாது. விளக்கம் சொல்வது டாக்டர் வேலை. எங்கள் முதலாளி இதை வாரத்துக்கு ஒரு தடவை எனக்கு ஞாபகப்படுத்துவார், ஏனென்றால் எனக்கு வாய் அதிகம். அன்று சட்டத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு மாஸ்டருக்கு ஃபோன் செய்தேன். சாப்பிட்டுவிட்டு வந்தீர்களா என்று கேட்டதற்கு அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பன்னிரண்டு மணி நேரம் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடவில்லை என்று மனைவி மேல் சத்தியம் செய்தார். மறுநாள் காலையில் திரும்ப எடுத்தேன். திரும்பவும் பால்.

ட்யூபை அவர் கையிலேயே கொடுத்தேன். பக்கத்தில் வேறு ஒருவருடைய தெளிவான சீரத்தையும் நிறுத்தி வைத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இது என்னுதா?"

"உங்களுதுதான் சார். ரெண்டு நாளும் இப்படித்தான் இருக்கு. இன்னைக்கே டாக்டரைப் பாருங்க."

தன் ட்யூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பயந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். அப்புறம் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"புரிஞ்சிடுச்சு சிஸ்டர். தொப்பைல இருந்த கொழுப்பெல்லாம் கரைஞ்சு ரத்தத்துல வந்து வெளிய போய்க்கிட்டிருக்கு. இளைக்கிறப்போ இப்படித்தான் இருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெய் உருகுகிற மாதிரி கொழுப்பு உருகி ரத்தம் வழியாக வெளியே போகிறது என்று அவர் சொன்னதில் ஒரு பங்கு உண்மையும் இருந்ததுதான் வயிற்றெரிச்சல். உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு உடைந்து ரத்தத்துக்குள் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது வெளியே எங்கும் போகவில்லை. போக வழியில்லாமல் ரத்தத்திலேயே நின்றது. அதைச் சொன்னேன். சர்க்கரை இப்படி இருக்கும்போது இளைப்பது நல்ல இளைப்பு இல்லை என்றும் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அடுத்த நாள் காலையில் ஏரிக்கரை முழுக்க அவர் விளக்கம் பரவிவிட்டது. கொழுப்பு கரைந்து ரத்தத்தில் வந்துவிட்டதாம், இன்னும் ஒரு மாதத்தில் சுத்தமாகிவிடுமாம். இரண்டு பேர் என்னிடம் வந்து, தங்களுக்கும் அப்படி வெள்ளையாக வருகிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

4. குறைந்துகொண்டே வந்த இன்சுலின்

வசந்தாக்கா விடவில்லை. குரோம்பேட்டையில் ஒரு சுகர் டாக்டரம்மாவிடம் அவரை இழுத்துக்கொண்டு போனார். என்னையும் கூட வரச் சொன்னார், ரத்தத்தைக் கண்ணால் பார்த்தவள் என்பதால். டாக்டரம்மா வயதில் சின்னவர், பேச்சில் அவசரமே கிடையாது. ரிப்போர்ட்டைப் பார்த்தார், மாஸ்டரின் கையைத் தூக்கித் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்தார், சி-பெப்டைட் டெஸ்ட் எழுதினார்.

லேப் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே, நீங்கள் இந்த டெஸ்டை அடிக்கடி பார்க்க மாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். கணையம் இன்சுலின் செய்து அனுப்பும்போது, ஒவ்வொரு இன்சுலினோடும் ஒரு சி-பெப்டைட் சேர்ந்து வெளியே வரும். அதை அளந்தால், உடம்பு சொந்தமாக எவ்வளவு இன்சுலின் செய்கிறது என்று தெரிந்துவிடும். மாஸ்டருக்கு அது அடிமட்டத்தில் இருந்தது.

திரும்பப் போனபோது டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னதை நான் இன்று வரை மறக்கவில்லை. "சார், இன்சுலின்னா சர்க்கரைக்கு மட்டும்னு எல்லாரும் நினைச்சுக்கிறோம். ரத்தத்துல இருக்குற கொழுப்பை எடுத்து ஒதுக்கி வைக்கிறதும் அதுதான். உங்க கணையம் பல வருஷமா ஓவர்டைம் பார்த்துக் களைச்சிடுச்சு. இன்சுலின் குறையக் குறைய சர்க்கரையும் ரத்தத்துலயே நிக்குது, கொழுப்பும் நிக்குது. அது ரெண்டும் சேர்ந்து மிச்சம் இருக்குற கணையத்தையும் கெடுக்குது. நீங்க இளைச்சது நடையால மட்டும் இல்ல. சாப்பாடு உடம்புல ஒட்டாததால. ஊசி போட்டுத்தான் ஆகணும்."

மாஸ்டர் கேட்டது ஒரே கேள்விதான். "ஊசின்னா கடைசி ஸ்டேஜ்தானே?"

இல்லை என்றார் டாக்டரம்மா. பார்வை மங்கினவருக்குக் கண்ணாடி போடுகிற மாதிரிதான், குறைகிறதை வெளியிலிருந்து கொடுக்கிறோம் என்றார். தள்ளிப் போட்டால் கணையம் வீங்கிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். மாஸ்டர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கொழுப்புக்கு ஒரு மாத்திரை, இரண்டு வேளை இன்சுலின் எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது, மாத்திரையை இன்றே ஆரம்பிக்கிறேன், ஊசியை மட்டும் அடுத்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமை எடை பார்த்த பிறகு ஆரம்பிக்கிறேன் என்றார். நான்காவது பொன்னாடை அவருக்குத்தான் என்று ஏற்கெனவே பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. இப்போது ஊசி என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. அவர் முகம் சொன்னது.

எனக்கு அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

5. நான்காவது பொன்னாடைக்கான ஞாயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் எடை மெஷின் வரைக்கும் வரவில்லை. ஜூஸ் வண்டிக்கு எதிரே இருந்த சிமெண்ட் பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். வாயு என்றார் ஒருவர். செல்வி இஞ்சிச் சாறு கொண்டு வந்தாள். கஜேந்திரன் முதுகை நீவிவிட்டார். நான் போய் எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். மேல் வயிற்றைக் காட்டி, அங்கிருந்து முதுகுக்குக் குத்திக்கொண்டு போகிறது என்று சைகை காட்டினார். பேச முடியவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

இஞ்சிச் சாற்றைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, வந்த முதல் ஆட்டோவை மறித்து ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கணைய வீக்கம்தான். கொழுப்பு அளவு மீறி ஏறியதால் வந்தது என்றார்கள். ஐ.சி.யு.வில் வாய் வழியாக ஒன்றும் கொடுக்காமல் இன்சுலினை டிரிப்பில் ஓட்டினார்கள். வசந்தாக்கா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, தனக்குத் தெரிந்த சாமி அத்தனைக்கும் நேர்ந்துகொண்டார். என் பங்குக்கு நான் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். பிழைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஊசியைத் தட்டவில்லை. காலையும் ராத்திரியும் வசந்தாக்கா கூடவே நின்று போட வைத்தார். ஹோம் கலெக்‌ஷனுக்கு நான்தான் வீடு தேடிப் போய் ரத்தம் எடுத்து வருவேன். ஒரு தடவை சென்ட்ரிஃப்யூஜிலிருந்து அவர் ட்யூபை எடுத்தபோது, மேலே சீரம் வைக்கோல் நிறத்தில், பின்னால் வைத்த விரல் ரேகை தெரிகிற மாதிரி நின்றது. லேபில் வேறு யாரும் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று நான் அழுதேன்.

6. சதை

இன்சுலின் சரியாகப் போனால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டும். கரைந்த சதை திரும்ப வரும், கொஞ்சம் கொழுப்பும் சேர்ந்து வரும். அதுதான் மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மாஸ்டர் முகம் பூரித்தது. தோள் எலும்பு உள்ளே போனது. பெல்ட்டில் அவர் போட்ட புது ஓட்டைகள் தேவைப்படவில்லை. வசந்தாக்கா, கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த மாதிரி இருக்கிறார் என்று சொல்லிச் சிரித்தார்.

சில மாதம் கழித்து மாஸ்டர் ஏரிக்கரைக்கு வந்தார். எடை மெஷினில் ஏறாதீர்கள் என்று நான் கண்ணைக் காட்டினேன். விசில் ஊதினவர் ஏறாமல் இருப்பாரா? கஜேந்திரன் எடையைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, "மாஸ்டர், போர்த்துன பொன்னாடையெல்லாம் திருப்பிக் குடுங்க" என்றார். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. யாரோ ஒருவர், என்ன சார், மறுபடி பழைய மாதிரி ஆகிவிட்டீர்களே, விட்டுவிட்டீர்களா என்று பரிதாபமாக விசாரித்தார். செல்வி அன்று அவரை விளம்பரத்துக்குக் கூப்பிடவில்லை. மாஸ்டரும் சிரித்தார். காது சிவந்தது.

கூட்டம் கலைந்ததும் கஜேந்திரனைத் தனியாகக் கூப்பிட்டு நன்றாகக் கொடுத்தேன். அந்த ஆள் செத்துப் பிழைத்து வந்திருக்கிறார், சதை வைத்ததற்கு நீங்கள் அவருக்குத் திருஷ்டி சுற்றிப் போட வேண்டும் என்றேன். சும்மா தமாஷுக்குத்தான் என்றார் அவர். கெட்டவர் இல்லை கஜேந்திரன். அன்று ஆட்டோவில் மாஸ்டரின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். எடை குறைந்தால் நல்லது, கூடினால் கெட்டது, அதற்கு மேல் அந்த மெஷினில் ஒன்றும் இல்லை என்பது அவர் நம்பிக்கை. பொன்னாடை வழக்கத்தையாவது நிறுத்துங்கள் என்று கேட்டேன். ஊக்கம் கொடுக்கிறோம்மா, அதை எப்படி நிறுத்துவது என்றார்.

அடுத்த இரண்டு மாதம் மாஸ்டர் எடை பார்க்க வரவில்லை. ஹோம் கலெக்‌ஷனுக்குப் போனால், வேண்டாம், எல்லாம் சரியாக இருக்கிறது என்று வாசலிலேயே அனுப்பிவிடுவார். ஒரு நாள் தாம்பரம் சானடோரியம் ரயில்வே ஸ்டேஷன் படியில் எதிரே வந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. கன்னம் ஒட்டியிருந்தது. அங்கேயே நிறுத்தி, ஊசி போடுகிறீர்களா என்று கேட்டேன். போடுகிறேனே என்றார். எவ்வளவு என்று கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"பாதியாக் குறைச்சிருக்கேன் சிஸ்டர். சில நாள் போடுறதில்ல. வசந்தாகிட்ட போட்டாச்சுன்னு சொல்லிடுவேன்."

"ஏன் சார்?"

"ஊசி போட்டா சதை வைக்குது. சதை வெச்சா சிரிக்கிறானுங்க."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டுமே சார். உயிரைவிடவா?"

"வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து விசில் ஊதினவன்மா நான். ஊரே என் உடம்பைப் பார்த்துத்தான் மரியாதை குடுத்துச்சு. அந்த மெஷின் மேல நிக்க வெச்சு, எல்லாரும் பார்த்து..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. ரயில் வருகிறது என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

அன்று சாயங்காலமே வசந்தாக்காவிடம் சொன்னேன், டாக்டரம்மாவுக்கும் ஃபோன் செய்தேன். வீட்டில் பெரிய சண்டை. ஒரு வாரம் ஊசி ஒழுங்காகப் போனது. அப்புறம் பெருங்களத்தூரிலிருந்து பஸ் ஏறி, சொந்த ஊருக்கு ஒரு கல்யாணத்துக்கு அவர் தனியாகப் போனார். இன்சுலினை ஃபிரிட்ஜிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மறந்துவிட்டேன் என்று ஃபோனில் சொன்னாராம். அங்கே கல்யாண வீட்டில் பழைய சிநேகிதர்கள் எல்லாரும், மாஸ்டர் இன்னும் பையன் மாதிரியே இருக்கிறார் என்று பாராட்டினார்களாம். அதையும் ஃபோனில் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். திரும்பி வரும் வழியில் பஸ்ஸிலேயே வலி வந்துவிட்டது.

இந்தத் தடவை கணையம் மட்டும் இல்லை, கிட்னியும் கையை விரித்துவிட்டது. ஐ.சி.யு.வை விட்டு அவர் வெளியே வரவே இல்லை.

7. போர்த்தாத துணி

சிட்லபாக்கத்து வீட்டு வாசலில் பந்தல் போட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஏரிக்கரைக் கூட்டம் மொத்தமும் வந்தது. சிலர் நடைக்குப் போட்டுக்கொண்டு வந்த அதே ஷூவோடு நேராக வந்திருந்தார்கள். செல்வி வண்டியைப் போடவில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து, "கூழு குடிச்சா போதும்னு நான்தான் சொல்லிகினே இருந்தேன்க்கா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். கடைசி வரைக்கும் உடம்பைக் கிண்ணென்று வைத்திருந்தார் பாருங்கள், ஒரு பிடி தொப்பை இல்லை என்றார் ஒருவர். ஆமாம் என்றார் மற்றவர். எனக்கு ரத்தம் கொதித்தது, ஆனால் சாவு வீட்டில் என்ன பேசுவது?

எடுக்கிற நேரம் வந்தபோது கஜேந்திரன் முன்னால் வந்தார். சங்கத்தின் சார்பில் மரியாதை செய்கிறோம் என்று ஒரு பொன்னாடையைப் பிரித்தார். அதே ஜரிகை, அதே பளபளப்பு. மனதார அழுதுகொண்டேதான் பிரித்தார்.

அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த வசந்தாக்கா எழுந்து வந்தார். பெட்டிக்கும் கஜேந்திரனுக்கும் நடுவில் நின்றார்.

"போர்த்தாதீங்க."

கஜேந்திரனுக்குப் புரியவில்லை. மரியாதைக்காகத்தான்மா என்று ஏதோ சொன்னார்.

"மூணு போர்த்துனீங்க. போதும். இந்த மனுஷன் செத்துக்கிட்டிருந்தாரு, நீங்க கை தட்டிக்கிட்டிருந்தீங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. கஜேந்திரன் பிரித்த துணியை மறுபடி மடிக்க முயன்றார். ஜரிகைத் துணி சரியாக மடியவில்லை. அப்படியே சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் போய்விட்டார். மாஸ்டரை ஒரு வெள்ளை வேட்டி மட்டும் போர்த்தி எடுத்துக்கொண்டு போனார்கள்.

இது நடந்த பிறகு கொஞ்ச நாளிலேயே நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். லேபுக்கு வருகிற பிள்ளைகளே, அக்கா, ஏதாவது சொல்லிக் கொடுங்கள் என்று கேட்கிறீர்கள். மெஷினைப் பற்றி என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். நான் சொல்ல நினைப்பது இதுதான். சீரம் வெள்ளையாக வந்தால் ரிமார்க்ஸில் ஒரு வார்த்தை எழுதிவிட்டு அடுத்த ட்யூபை எடுக்காதீர்கள், உடனே டாக்டருக்கு ஃபோனைப் போடுங்கள். சுகர் இருக்கிறவர் இளைத்து வந்து நின்றால், நீங்கள் இளைக்க வைத்தீர்களா, தானாக இளைத்ததா என்று கேளுங்கள். இன்சுலின் ஆரம்பித்தவர் சதை போட்டு வந்தால், நல்லா இருக்கீங்க சார் என்று நாலு பேர் கேட்கச் சத்தமாகச் சொல்லுங்கள். டெஸ்ட் எடுக்கிறது மட்டும்தான் நம் வேலை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதருக்கு என்ன வியாதி என்று நமக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. டாக்டருக்கும் தெரிந்தது, அவருக்குமே தெரிந்தது. அவரைக் காப்பாற்ற அது போதவில்லை, ஏனென்றால் அவர் ஊசிக்குப் பயப்படவில்லை, சிரிப்புக்குத்தான் பயந்தார்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் இன்னும் ஏரிக்கரைக்குப் போய் மேஜை போடுகிறேன். எடை மெஷின் அதே இடத்தில்தான் இருக்கிறது. பொன்னாடை இப்போது கிடையாது. கஜேந்திரன் எடையைச் சத்தமாகப் படிப்பதையும் விட்டுவிட்டார். யாராவது முந்தின மாதத்தைவிட இளைத்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் திரும்பி என்னைப் பார்க்கிறார். நான் சுகர் மெஷினை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறேன்.